ஐரோப்பாவில் குடும்பத்தோடு சுற்ற எது சரி: ரயில் பாஸா, தனி டிக்கெட்டா, வாடகைக் காரா, குரூப் டூரா?

சேலம் பக்கம் இப்போது பல வீடுகளில் ஒரு பிள்ளை ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ படிக்கிறது, இல்லை வேலை பார்க்கிறது. பட்டமளிப்பு விழாவுக்கோ பேரக்குழந்தையைப் பார்க்கவோ பெற்றோர் கிளம்புகிறார்கள். அவ்வளவு தூரம் போகிறோமே, கோடை விடுமுறையில் எல்லோருமாகப் போய் நாலு ஊர் பார்த்துவிட்டு வரலாம் என்று பேச்சு வளர்கிறது. அதற்கப்புறம்தான் குழப்பம். "யூரேல் பாஸ் வாங்கினால் எல்லா ரயிலிலும் ஏறலாமாமே?" என்பார் ஒருவர். "கார் எடுத்துக்கொள்ளுங்கள், ஏற்காடு மலையில் ஓட்டுகிறவருக்கு அது என்ன பெரிய விஷயம்" என்பார் இன்னொருவர். "வயசானவங்களை வச்சுக்கிட்டு எதுக்கு வம்பு, டூர்ல போயிடுங்க" என்பார் மூன்றாமவர்.

மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் எந்தக் குடும்பத்துக்கு, எந்த ஊருக்கு என்று பார்க்காமல் சொன்னால் பயன் இல்லை. தாத்தா பாட்டியும் குழந்தைகளுமாக ஐந்தாறு பேர் போகும் குடும்பத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நண்பர்கள் மட்டும் முதுகுப் பையோடு போவதாக இருந்தால் இந்தக் கணக்கே வேறு.

முதலில் எதை வைத்து எடைபோடுவது

பெரும்பாலோர் டிக்கெட் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். குடும்பப் பயணத்தைக் கெடுப்பது விலை அல்ல, வண்டி மாறுவது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக எத்தனை தடவை இறங்கி ஏற வேண்டும் என்பதே முதல் அளவுகோல். நேர்வண்டியில் ஒரு மணி நேரம் தாமதமானால் ஒரு மணி நேரம்தான் போகும். இணைப்பு வண்டி உள்ள பயணத்தில் பத்து நிமிடத் தாமதம்கூட அரை நாளை விழுங்கிவிடும்.

அடுத்தது லக்கேஜும் முழங்காலும். பெரும்பாலான ஐரோப்பிய ரயில் நிலையங்களில் கூலி ஆள் கிடையாது. சேலம் ஜங்ஷனில் "தலைச்சுமைக்கு எவ்வளவு" என்று பேரம் பேசி நிம்மதியாக நடப்பதுபோல் அங்கே நடக்க முடியாது. சின்ன நிலையங்கள் பலவற்றில் படிக்கட்டு மட்டும்தான். லிஃப்ட் இருந்தாலும் எப்போதும் வேலை செய்யும் என்று நம்பிவிட முடியாது. பல வண்டிகளில் பிளாட்பாரத்திலிருந்து இரண்டு மூன்று படி ஏற வேண்டும்.

மூன்றாவது, திட்டம் மாறினால் என்ன ஆகும் என்பது. குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம், ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யலாம், விசா தாமதமாகலாம். அப்போது கொடுத்த பணம் திரும்புமா?

நான்காவதுதான் பணம். அதுவும் டிக்கெட் விலையைப் பார்த்தால் போதாது, கடைசியில் கையைவிட்டுப் போகும் மொத்தத்தைப் பார்க்க வேண்டும். கணக்குக்கு வசதியாக ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். ஐந்தாவது சாப்பாடு. சைவம் மட்டும் சாப்பிடுகிற பெரியவர்கள் உள்ள வீட்டில் இதைச் சின்ன விஷயமாக நினைத்துவிட வேண்டாம்.

வண்டி மாறும்போது என்னதான் நடக்கிறது

"ஐரோப்பா ரயில் என்றால் நிமிடம் தவறாது" என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. சுவிட்சர்லாந்தைப் பொறுத்தவரை அது சரி. 2024-இல் சுவிஸ் ரயில்வேயில் ஏறக்குறைய 93 சதவீத வண்டிகள் நேரத்துக்கு வந்தன. மூன்று நிமிடம் தாண்டினாலே அங்கே தாமதம்தான். அதே 2024-இல் ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம். அங்கே ஆறு நிமிடத்துக்குள் வந்தால் 'சரியான நேரம்'. நீளமான பாதைகளைப் பல ஆண்டுகள் சரியாகப் பராமரிக்காமல் விட்டுவிட்டு, இப்போது ஒவ்வொன்றாக மொத்தமாக மூடிப் பழுதுபார்க்கிறார்கள். ஃபிராங்க்ஃபர்ட்–மான்ஹைம் பாதை 2024 ஜூலையிலிருந்து டிசம்பர் வரை மூடிக் கிடந்தது. ஹாம்பர்க்–பெர்லின் பாதையை 2025 ஆகஸ்டில் மாதக்கணக்கில் மூடினார்கள். ஜெர்மனியிலிருந்து தாமதமாக வரும் வண்டிகளை, தங்கள் நாட்டு அட்டவணை கெட்டுவிடக் கூடாது என்று, எல்லை ஊரான பாசலிலேயே நிறுத்திவிடும் வழக்கம் சுவிஸ் ரயில்வேக்கு உண்டு. பயணிகள் அங்கே இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும்.

எளிய கணக்கு ஒன்று. ஒரு வண்டி நேரத்துக்கு வரும் வாய்ப்பு 62.5 சதவீதம் என்றால், அடுத்தடுத்து இரண்டு வண்டியும் நேரத்துக்கு வரும் வாய்ப்பு 39 சதவீதம்தான். எல்லாத் தாமதமும் இணைப்பைக் கெடுக்காது, உண்மைதான். ஆனாலும் மூன்று வண்டி மாறிப் போகிற திட்டம் எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பது இதில் தெரிகிறது.

எங்கள் குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் இரண்டு பேர், மாமா, அத்தை, பிள்ளைகள் இருவர். ஒரு பெரிய சந்திப்பு நிலையத்தில் அடுத்த வண்டிக்காக நின்றிருந்தோம். எங்கள் கோச் பிளாட்பாரத்தின் தொடக்கத்தில் வரும் என்று பலகை காட்டியது. அத்தை முழங்கால் பட்டையைச் சரிசெய்துகொண்டு சூட்கேஸ் மேலேயே உட்கார்ந்திருந்தார். வண்டி உள்ளே நுழையும்போது ஓர் அறிவிப்பு, அந்த நாட்டு மொழியில் மட்டும். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பித்தார்கள். கோச் வரிசை தலைகீழாக வந்துவிட்டது. "ஏங்கண்ணு, நம்ம பொட்டி அந்தக் கடைசிலயா?" என்று அத்தை கேட்டதற்குப் பதில் சொல்லக்கூட நேரமில்லை. வண்டி நிற்பதே நாலு நிமிடம். கண்ணில் பட்ட கதவில் எல்லோரையும் ஏற்றிவிட்டு, உள்ளுக்குள்ளேயே ஏழெட்டு கோச்சுகளை சூட்கேஸ்களோடு கடந்தோம். எங்கள் இடங்களில் வேறு ஆட்கள் இருந்தார்கள். இருக்கைக்கு மேல் முன்பதிவைக் காட்டும் சின்னத் திரை அன்றைக்கு வெறுமையாக இருந்ததால் அவர்கள் உட்கார்ந்ததிலும் தப்பில்லை. அதற்கும் அடுத்த வண்டியை ஆறு நிமிடத்தில் தவறவிட்டோம். அதற்கான இட முன்பதிவும் அதோடு போயிற்று. பின்னால் வந்த வண்டியில் கதவோரம் நின்றுகொண்டும் சூட்கேஸ் மேல் உட்கார்ந்துகொண்டும் ஊர்போய்ச் சேர்ந்தோம்.

இதை யார்மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. வழியில் இரண்டாகப் பிரியும் வண்டிகள், கடைசி நேரத்தில் மாறும் பிளாட்பாரம், நாலு நிமிட நிறுத்தம் எல்லாம் அங்கே அன்றாட நடைமுறை. பெர்லினிலிருந்து வரும் சில வண்டிகள் ஹாம் என்ற ஊரில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு வழியில் போகும். தப்பான பாதியில் உட்கார்ந்தால் வேறு ஊரில் போய் இறங்குவீர்கள். தனியாள் சமாளித்துவிடுவார். முழங்கால் வலியுள்ள பெரியவரும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தையும் உள்ள குடும்பத்தால் முடியாது.

வழி 1: ரயில் பாஸ்

யூரேல் என்பது ஐரோப்பாவுக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கான பாஸ். 33 நாடுகளில் செல்லும். 4 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு, பெரியவர் ஒருவருக்கு இரண்டு பேர் வீதம், இலவச பாஸ் உண்டு. 12 முதல் 27 வரை இளைஞர் சலுகை, 60 வயதுக்கு மேல் மூத்தோர் சலுகை. இதுவரை கேட்க நன்றாகவே இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு முன்பதிவில் வருகிறது. பாஸ் இருந்தாலும் பிரான்சின் டி.ஜி.வி., இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா ஆகிய அதிவேக வண்டிகள், லண்டன் போகும் யூரோஸ்டார், இரவு ரயில்கள் ஆகியவற்றில் ஏற இருக்கை முன்பதிவு கட்டாயம். அதற்குத் தனிக் காசு. பிரான்சில் 10 யூரோவில் தொடங்கும், ஃப்ரெச்சாரோஸாவில் சுமார் 13. ஆறு பேருக்கு 78 யூரோ, அதாவது 7,800 ரூபாய், ஒரே ஒரு ஓட்டத்துக்கு. பாஸ் இலவசமாகக் கிடைத்த குழந்தைக்கும் இருக்கைக்குப் பணம் கட்ட வேண்டும். பிரான்ஸ் வண்டிகளிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்காரர்களுக்கு என்று ஒதுக்கும் இடங்கள் குறைவு. கோடையில் அவை தீர்ந்துவிட்டால் கையில் பாஸ் இருந்தும் ஏற முடியாது. இத்தாலியில் ஓடும் இத்தாலோ என்ற தனியார் நிறுவன வண்டிகளில் இந்தப் பாஸ் செல்லவே செல்லாது.

ஆகவே பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் மட்டும் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தப் பாஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து என்று வட நாடுகளில் அன்றன்றைக்குத் தோன்றியபடி சுற்ற வேண்டும், முன்பதிவு கட்டாயமில்லாத வண்டிகளில் போக வேண்டும் என்பவர்களுக்கு நன்றாக உதவும். வண்டி தவறினால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம், டிக்கெட் வீணாகாது. அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டுதான்.

சுவிட்சர்லாந்து தனிக் கதை. ஸ்விஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாள்களுக்குக் கிடைக்கிறது. ரயில், பஸ், ஏரிப் படகு, ஊருக்குள் ஓடும் டிராம், பெரும்பாலான அருங்காட்சியகங்கள் எல்லாம் அதில் அடக்கம். பெற்றோரில் ஒருவர் பாஸ் வைத்திருந்தால், 16 வயது ஆகாத பிள்ளைகளுக்கு ஃபேமிலி கார்டு இலவசமாகத் தருகிறார்கள். முன்பதிவு தேவையில்லை. வண்டி தவறினாலும் பெரும்பாலான வழிகளில் அரை மணியிலோ ஒரு மணியிலோ அடுத்தது வந்துவிடும். பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இதைவிட வசதியான ரயில் ஏற்பாட்டை ஐரோப்பாவில் நான் பார்க்கவில்லை.

அங்கேயும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். யுங்ஃப்ராவ்யோக் போன்ற உச்சிகளுக்கு இந்தப் பாஸ் முழுதாகச் செல்லாது. யுங்ஃப்ராவ்யோக் போகும் வழியிலுள்ள வெங்கன் அல்லது கிரிண்டல்வால்டு ஊர் வரைதான் இலவசம், அதற்கு மேல் 25 சதவீதத் தள்ளுபடி. அரைக் கட்டண அட்டை என்று இன்னொன்று இருக்கிறது. அதில் உச்சி வரைக்கும் பாதிக் கட்டணம். ஒரே ஊரில் தங்கி இரண்டு மூன்று பெரிய சிகரங்களுக்கு மட்டும் போகிறவர்களுக்கு அரைக் கட்டண அட்டை மலிவாக முடியலாம். தினமும் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்குப் பாஸ். இன்னொன்று: கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் போன்ற காட்சி ரயில்களில் பாஸ் இருந்தாலும் முன்பதிவுக் கட்டணம் உண்டு. அதே தண்டவாளத்தில் சாதாரண வண்டிகளும் ஓடுகின்றன, அவற்றுக்கு முன்பதிவு வேண்டாம். மலையும் பனியும் இரண்டிலிருந்தும் ஒன்றாகத்தான் தெரியும். சாதாரண வண்டிகள் பலவற்றில் ஜன்னலைத் திறந்து படமும் எடுக்கலாம்.

வழி 2: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி டிக்கெட்

நம் ரயில்வே 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டது. ஐரோப்பாவில் பல பாதைகளில் அதற்கும் வெகு முன்பே விற்பனை தொடங்கிவிடும், விமான டிக்கெட் போல முதலில் வாங்குபவருக்கு மலிவு. பாரிஸ்–லியோன், ரோம்–ஃபுளோரன்ஸ் மாதிரி நேர்வண்டிகளுக்குச் சீக்கிரம் வாங்கினால் பாஸைவிடக் கண்டிப்பாகக் குறைவாகவே முடியும். ஜெர்மனியில் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பெரியவரோடு தொலைதூர வண்டியில் இலவசம். ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே அவர்களையும் சேர்த்துப் பதிந்திருக்க வேண்டும்.

மலிவு டிக்கெட்டின் மறுபக்கம், அது குறிப்பிட்ட அந்த ஒரு வண்டிக்குத்தான் செல்லும். நீங்கள் தாமதமாகப் போனால் பணம் போயிற்று. வண்டி தாமதமானால் கதை வேறு. ஜெர்மனியில் போய்ச்சேரும் நேரம் 20 நிமிடமோ அதற்கு மேலோ தள்ளிப்போகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு விலகிவிடும், வேறு வண்டியில் ஏறலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பயணிகள் உரிமை விதி, 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் உள்ளது, இப்படிச் சொல்கிறது: போய்ச்சேர 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடம் ஆனால் 50 சதவீதம் இழப்பீடு. மிகக் கடுமையான வானிலை போன்ற சில காரணங்களுக்கு இது கிடைக்காது. ஒரு மணிக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால், பணத்தைத் திரும்பப் பெறுவதா வேறு வழியில் போவதா என்பதும் உங்கள் விருப்பம்.

இதில் நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த உரிமையெல்லாம் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருந்தால்தான் பலமாக நிற்கும். ஐந்து யூரோ மிச்சம் பிடிக்க முதல் பாதியை ஒரு நிறுவனத்திலும் இரண்டாம் பாதியை இன்னொரு நிறுவனத்திலும் வாங்கினால், முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது தவறும்போது இரண்டாமவர் பொறுப்பேற்க மாட்டார். ஆறு பேருக்கும் அந்த நேரத்து விலையில் புது டிக்கெட் எடுக்க வேண்டிவரும். ஆகவே வண்டி மாறும் பயணமாக இருந்தால் ஒரே டிக்கெட்டாகவே வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

சின்னச் சின்னச் செலவுகளும் சேரும். ஜெர்மனியில் டிக்கெட்டும் இருக்கையும் தனித்தனி. முன்பு குடும்பத்துக்கு ஒரே கட்டணமாக இருக்கை முன்பதிவு செய்யலாம். 2025 ஜூன் 15-இல் அதை எடுத்துவிட்டு ஆளுக்கு 5.50 யூரோ ஆக்கினார்கள். ஆறு பேருக்கு 33 யூரோ. வேண்டாம் என்று விட்டால் கோடைக்கால வண்டியில் நின்றுகொண்டு போக நேரும், அதனால் பெரியவர்கள் இருந்தால் கட்டாயம் கட்டுங்கள். இத்தாலியில் உள்ளூர் ரயில்களுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் பிளாட்பாரத்தில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு. அதே இத்தாலியில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், முன்கூட்டியே அறிவிப்பார்கள். வேலைநாள்களில் உள்ளூர் சேவைக்குக் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உறுதியளித்த வண்டிகள் ஓடும். அந்த நேரத்துக்குள் பயணத்தை முடித்துக்கொள்ளலாம்.

நிலையப் பெயரையும் பாருங்கள். சேலம் ஜங்ஷன், டவுன், மார்க்கெட் என்று நமக்கு இருப்பதுபோல் அங்கேயும் உண்டு. வெனிஸுக்கு மெஸ்த்ரே, சாந்தா லூச்சியா என இரண்டு. மெஸ்த்ரே தரைப்பக்கம், வெனிஸ் தீவுக்குப் பாலம் கடந்து போக வேண்டும். பாரிஸில் பெரிய நிலையங்களே ஐந்தாறு இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெட்ரோவில் சூட்கேஸோடு இறங்கி ஏறுவது தனிப் போராட்டம்.

விசா வாங்கும் முன் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டில் கைவைக்காதீர்கள். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கே பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக்கு 45 யூரோ கட்டணம், இது திரும்பாது. விசா தாமதமானால் டிக்கெட் பணமும் சேர்ந்து போகும்.

வழி 3: வாடகைக் கார்

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பழகியவருக்கு ஆல்ப்ஸ் மலைச்சாலை பயமுறுத்தாது. சாலை அகலம், தடுப்புச் சுவர், ஒழுங்கு எல்லாம் மேல். ஆனால் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம். முதல் இரண்டு நாள் வளைவுகளில் கை தானாக நம் ஊர்ப்பக்கம் போகும். சுவிஸ் மலைச்சாலைகளில் நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்புப் படம் இருந்தால் அது தபால் பஸ் ஓடும் பாதை. எதிரே மஞ்சள் பஸ் வந்தால் அதன் டிரைவர் சொல்கிறபடி ஒதுங்கி வழிவிட வேண்டும்.

காகித வேலை கஷ்டமில்லை. சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். அசல் லைசென்ஸையும் கூடவே எடுத்துப் போக வேண்டும். காரை எடுக்கும்போது டிரைவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், டெபாசிட்டாக ஒரு பெரிய தொகையை அதில் நிறுத்தி வைப்பார்கள். டெபிட் கார்டு, ஃபாரெக்ஸ் கார்டு பல இடங்களில் எடுபடாது.

இடவசதியை அளந்து பாருங்கள். ஏழு பேர் உட்காரும் கார் என்று போட்டிருக்கும். மூன்றாம் வரிசையையும் நிமிர்த்தினால் பின்னால் இரண்டு சின்ன சூட்கேஸுக்கு மேல் வைக்க முடியாது. ஆறு பேரும் நாலு பெரிய சூட்கேஸும் என்றால் ஒன்பது பேர் வேன்தான் சரி, அதை நகரத்துப் பார்க்கிங்கில் நுழைப்பது கடினம். பிள்ளைகளுக்குச் சிறுவர் இருக்கை சட்டப்படி கட்டாயம். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 12 வயது அல்லது 150 செ.மீ. உயரம் வரை. அதற்கும் தினவாடகை உண்டு.

மற்ற மறைசெலவுகள்: ஆட்டோமேட்டிக் காருக்குக் கூடுதல் வாடகை, ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் பெரிய தொகை, பிரான்சிலும் இத்தாலியிலும் சுங்கச்சாலைக் கட்டணம், சுவிஸ் நெடுஞ்சாலையில் ஓட்ட வாங்க வேண்டிய வில்லைக்கு (ஸ்டிக்கர்) 40 சுவிஸ் ஃபிராங்க். இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் வெளியார் வண்டி நுழையக் கூடாத வட்டங்கள் இருக்கின்றன, கேமரா படம் பிடித்துவிடும். நீங்கள் ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து அபராதச் சீட்டு வீடு தேடி வரும், வாடகை நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தைத் தனியாகப் பிடித்துக்கொள்ளும்.

பாரிஸ், ரோம், மிலான் போன்ற நகரங்களுக்கு கார் சுமைதான். கிராமங்கள், திராட்சைத் தோட்டங்கள், ஏரிக்கரைகள் என்று நினைத்த இடத்தில் நிறுத்திப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு கார் நல்லது. காரில் எலுமிச்சை சாதமும் தட்டுவடையும் எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம். பாத்ரூமுக்கு நிறுத்தச் சொல்ல பெரியவர்கள் தயங்க வேண்டியதில்லை. ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால் மட்டும் யோசியுங்கள், அவருக்கு விடுமுறையே கிடைக்காது.

வழி 4: குரூப் டூர்

இதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன். 70 வயதுக்கு மேற்பட்டவர்கள், முதல் தடவை வெளிநாடு போகிறவர்கள், சைவச் சாப்பாடு இல்லாமல் முடியாதவர்கள், இவர்களுக்கு இதுதான் சரி. சூட்கேஸ் பஸ்ஸின் வயிற்றில் ஏறிவிடும், வண்டி மாறும் தொல்லை இல்லை, ராத்திரி சாதமும் பருப்பும் கிடைக்கும்.

இழப்பது நேரம். காலை ஆறரைக்கு எழுந்து ரெடியாக வேண்டும், நகரத்துக்கு வெளியே ஹோட்டல், ஒரு இடத்தில் நாற்பது நிமிடம். ஐரோப்பிய விதிப்படி பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும், ஒரு நாளில் பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே" என்று டிரைவரைக் கேட்டுப் பயனில்லை. பிள்ளைகளுக்கு பஸ்ஸில் நீண்ட நேரம் உட்காருவது சலிப்பு. விலையில் 'விருப்பச் சுற்றுலா', டிப்ஸ், மதியச் சாப்பாடு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேக்கேஜ் விற்கிறவர்களே டி.சி.எஸ். என்று வருமான வரியில் ஒரு பகுதியை முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் கிளம்பும்போது கையிலிருந்து போகும் பணம் அது.

ஒரே பார்வையில்

| | ரயில் பாஸ் | தனி டிக்கெட் | வாடகைக் கார் | குரூப் டூர் |
|---|---|---|---|---|
| வண்டி மாறும் தொல்லை | உண்டு, தவறினால் அடுத்ததில் ஏறலாம் | உண்டு, ஒரே டிக்கெட்டாக இருந்தால்தான் பாதுகாப்பு | இல்லை | இல்லை |
| லக்கேஜ் | நாமே தூக்க வேண்டும் | நாமே தூக்க வேண்டும் | காரில் இடம் பார்த்து | பஸ்ஸில் ஏறிவிடும் |
| மறைசெலவு | இருக்கை முன்பதிவு | இருக்கை, அபராதம், வீணாகும் டிக்கெட் | பார்க்கிங், சுங்கம், டெபாசிட், அபராதம் | விருப்பச் சுற்றுலா, டிப்ஸ் |
| திட்டம் மாறினால் | எளிது | கடினம் | மிக எளிது | முடியாது |
| சைவச் சாப்பாடு | தேட வேண்டும் | தேட வேண்டும் | கட்டி எடுத்துப்போகலாம் | ஏற்பாடு உண்டு |
| எங்கே நல்லது | சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா | பிரான்ஸ், இத்தாலி நேர்வண்டிகள் | கிராமம், மலை, ஏரி | பெரியவர்கள் அதிகமுள்ள குழு |

நான் எப்படிச் சொல்வேன்

முழுப் பயணத்துக்கும் ஒரே வழியைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. முதலில் ஊர்களைக் குறையுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் ஆறு நகரம் என்று திட்டம் போட்டால் எந்த வழியும் சிரமம்தான். இரண்டே ஊரில் சமையலறையோடு வீடெடுத்துத் தங்கி, பகலில் சுற்றுப்புறம் போய் வாருங்கள். பகல்பயணத்தில் சூட்கேஸ் வீட்டில் இருக்கும், வண்டி தவறினாலும் நஷ்டம் ஒரு காபி நேரம்தான்.

சுவிட்சர்லாந்தில் ஐந்தாறு நாள் என்றால் ஸ்விஸ் டிராவல் பாஸ், யோசிக்கவே வேண்டாம். அங்கே சூட்கேஸ்களை முன்கூட்டியே நிலையத்தில் கொடுத்து அடுத்த ஊருக்கு அனுப்பிவைக்கும் சேவையும் இருக்கிறது. இத்தாலியோ பிரான்ஸோ என்றால் நேர்வண்டிகளுக்குத் தனி டிக்கெட், விசா வந்த மறுநாளே எடுத்துவிடுங்கள். ஜெர்மனி வழியாக நீண்ட ஓட்டம் போக வேண்டியிருந்தால், பயண தேதியில் பாதை மூடல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இணைப்புக்கு ஒரு மணி நேரமாவது விடுங்கள், அன்றைய கடைசி வண்டியை நம்ப வேண்டாம். பெரியவர்கள் வருவதாக இருந்தால், ஒரு தடவைக்கு மேல் வண்டி மாறும் எந்த ஓட்டத்தையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த ஓட்டத்துக்கு மட்டும் டாக்சியோ வேனோ பேசிக்கொள்ளலாம், ஆறு பேருக்குப் பங்கிட்டால் பல நேரம் ரயில் கட்டணத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

திரும்பும் நாளில் ரயிலை விமானத்தோடு நேரடியாக இணைக்காதீர்கள். விமான நிலையம் உள்ள ஊருக்கு முந்தின நாள் மாலையே போய்த் தங்குங்கள். பெங்களூரில் வந்து இறங்கிய பிறகும் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டி நாலைந்து மணி நேரம் சாலையில் வர வேண்டியிருக்கிறது, அதற்கான வண்டியையும் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்.